அமைச்சர் பதவியும் அம்பாத்துரை மருத்துவமனையும்: டாக்டர் சௌந்தரத்தின் அரசியல் வாழ்வு

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். எதிரே சிறுமலை, பக்கத்தில் அம்பாத்துரை ரயில் நிலையம். மருத்துவமனை, பள்ளிகள், ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லங்கள், ஒரு பல்கலைக்கழகம் என்று இன்று விரிந்து கிடக்கும் இந்த வளாகத்தை 1947 அக்டோபரில் தொடங்கியவர்கள் இருவர்: டாக்டர் டி. எஸ். சௌந்தரம் (1904-1984), அவர் கணவர் ஜி. ராமச்சந்திரன்.

சௌந்தரத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அஞ்சலிக் குறிப்புகளும் நினைவு மலர்க் கட்டுரைகளுமே. அவற்றில் அவர் வழக்கமாக மூன்று கோலங்களில் வருகிறார். டி.வி.எஸ். குடும்பத்து மகள், இளவயதில் கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்தவர், காந்தியின் ஆசியோடு சாதி கடந்து மறுமணம் செய்துகொண்டவர். மூன்றும் உண்மைதான். ஆனால் பத்தாண்டு சட்டமன்ற உறுப்பினராகவும், ஐந்தாண்டு மக்களவை உறுப்பினராகவும், அதே ஐந்தாண்டு மத்தியக் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் இருந்த ஒருவரின் அரசியல் இந்தக் குறிப்புகளில் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. தியாகியாகப் போற்றும்போது அரசியல்வாதி மறைந்துபோவது நம் வாழ்க்கை வரலாற்று எழுத்தில் பழைய நோய்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே. 1952 முதல் 1967 வரையிலான பதவிக் காலம் சௌந்தரத்தின் நிறுவனப் பணிக்கு என்ன தந்தது? இந்த வட்டாரத்துப் பெண்களின் அரசியலுக்கு என்ன விட்டுச் சென்றது? பதவியை அவர் தம் நிறுவனத்துக்கு அரசை அழைத்துவரும் வாசலாகப் பயன்படுத்தினார். கட்சியையோ தொகுதியையோ கட்டவில்லை. நிறுவனம் நிலைத்ததற்கும் அரசியல் தொடர்ச்சி அறுந்ததற்கும் காரணம் இதுவே என்பது என் வாதம். ஒரு குறிப்பு: திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். இங்கே பேசப்படும் ஆத்தூர், வேடசந்தூர், சின்னாளபட்டி எல்லாம் அந்தக் காலத்து மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை.

மதுரை வீடும் தில்லிக் கல்லூரியும்

சௌந்தரத்தின் தந்தை டி. வி. சுந்தரம் அய்யங்கார், பேருந்துத் தொழிலில் தொடங்கி மதுரையின் பெருந்தொழிலதிபராக வளர்ந்தவர். மகளுக்கு இளவயதிலேயே திருமணமாயிற்று. கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கப்போய் அவரும் அந்நோய்க்கே பலியானார் என்று குறிப்புகள் சொல்கின்றன. 1925இல் அவர் இறந்தபோது சௌந்தரத்துக்கு இருபதை ஒட்டிய வயது. அதன்பின் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல் பட்டம் பெற்றார். சுசீலா நய்யாரின் நட்பு வாய்த்ததும் அவர் வழியே காந்தியிடம் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். கேரளத்துக்காரரான ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. ஓராண்டு பிரிந்திருந்து, அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் மணந்துகொள்ளுங்கள் என்றார் காந்தி. 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது.

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். பலரும் விரிவாக எழுதிய பகுதி இது. என் கேள்விக்கு வேண்டியது இதிலிருந்து ஒன்றுதான். அரசியலுக்கு வருமுன்பே அவரிடம் மூன்று வகை மூலதனம் சேர்ந்திருந்தது: குடும்பத்தின் செல்வாக்கு, மருத்துவப் பட்டம், காந்தியின் நம்பிக்கை. கஸ்தூர்பா 1944இல் மறைந்தபின் அவர் பெயரில் உருவான அறக்கட்டளையின் தென்னிந்தியப் பொறுப்பைக் காந்தி ஒப்படைத்தது சௌந்தரத்திடம். கிராமப் பெண்களைத் தாய்சேய் நலப் பணிக்கும் ஆதாரக் கல்விக்கும் பயிற்றுவிப்பது அந்த அறக்கட்டளையின் வேலை. ஆக 1952இல் காங்கிரஸ் வேட்பாளராக நின்றபோது அவர் கட்சியிலிருந்து மேலெழுந்து வந்தவர் அல்லர். தனக்கென ஓர் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்சிக்கு வந்தவர்.

மூன்று தேர்தல், மூன்று தொகுதி

அவர் போட்டியிட்டு வென்ற இடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். 1952இல் ஆத்தூர், 1957இல் வேடசந்தூர், 1962இல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதி. ஒரே தொகுதியில் இரண்டாம் முறை வென்றதில்லை. ஆத்தூர் அவரது நிறுவனம் இருக்கும் பகுதி. மேற்கு மலையடிவாரத்தின் நீர்வளமும் ஓரளவு உண்டு. வேடசந்தூர் திண்டுக்கல்லுக்கு வடக்கே கிடக்கும் வறண்ட நிலம். சமூக அமைப்பும் வேறு. ஐந்தாண்டு பேணிய தொகுதியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவது, சொந்த ஊரில் ஆளும் பேரும் வைத்திருக்கும் அரசியல்வாதி தானாக விரும்பிச் செய்கிற காரியமல்ல. கட்சி எங்கே நிறுத்தியதோ அங்கே நின்றார் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் பெயருக்கு இருந்த மதிப்பு எங்கும் வாக்கு வாங்கித் தரும் என்று கட்சி கணக்கிட்டிருக்கலாம். அந்தக் கணக்கு மூன்று முறை பலித்தது.

இன்னொரு சான்று, அவருக்குக் கிடைக்காதது. 1957இல் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒரே பெண், குளச்சல் தொகுதியின் லூர்தம்மாள் சைமன். உள்ளாட்சித் துறை அவரிடம் இருந்தது. மதுரை மாவட்டத்துக்கான இடம் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த கக்கனுக்குப் போனது. இரண்டாம் முறை சட்டமன்றம் வந்தவர், மருத்துவர், நாடறிந்த நிறுவனத்தின் தலைவி. இருந்தும் சௌந்தரம் மாநில அமைச்சராகவில்லை. அமைச்சரவையில் ஒரு பெண் போதும் என்பது அன்று எழுதாத விதிபோல் இருந்தது. அதற்கு மேல், காமராஜரின் கணக்கில் ஒவ்வொருவரும் ஒரு வட்டாரத்தையும் ஒரு சமூகத்தையும் சுமந்து வர வேண்டும். புதிதாகத் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரியின் மீனவர் சமூகத்தை லூர்தம்மாள் சுமந்து வந்தார். கக்கன் தலித் சமூகத்தைச் சுமந்து வந்தார். மதுரையின் அய்யங்கார் தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்து, சாதி மீறி மணந்து, சின்னாளபட்டியில் குடியேறிய சௌந்தரம் யாருடைய பிரதிநிதி? இந்தக் கேள்விக்கு விடையில்லாமற்போனது அவரது அறத்துக்குப் பெருமை, அரசியலுக்குப் பலவீனம்.

ஆத்தூர் வட்டாரம்

அவரது நிர்வாகத் திறன் எங்கே துலங்கியது என்று கேட்டால் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைவிட ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களைப் பார்ப்பதே பொருத்தம்.

அன்றைய கிராமங்களில் பிள்ளைப்பேறு மருத்துவச்சியின் கையில் இருந்தது. வீட்டின் இருட்டு மூலையில், கைக்குக் கிடைத்த அரிவாளாலோ கத்தியாலோ தொப்புள்கொடி அறுபடும். சாம்பலோ சாணமோ வைத்துக் கட்டிவிடுவதும் உண்டு. பிறந்த ஒரு வாரத்துக்குள் பச்சைக் குழந்தையின் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் போனால் அதைத் தோஷம் என்பார்கள். அது டெட்டனஸ் என்னும் இரணஜன்னி. இதைத் தடுக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். கொதிக்கவைத்த பிளேடு, கொதிக்கவைத்த நூல், சோப்பு, சுத்தமான துணி, இவற்றைப் பயன்படுத்தப் பழகிய ஒரு பெண், கொடி அறுத்தபின் மீண்டும் மீண்டும் அந்த வீட்டுக்குப் போய்வர அவளுக்கு ஓர் ஏற்பாடு. கஸ்தூர்பா அறக்கட்டளை வழியாக சௌந்தரம் உருவாக்கியது இந்தப் பெண்களைத்தான்: கிராம சேவிகைகள், துணைச் செவிலியர்கள். சின்ன மருந்தகமாகத் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவமனை அவர்களுக்குப் பின்பலமாக நின்றது.

இதில் ஒரு சமூகப் பூசலும் ஒளிந்திருக்கிறது; அஞ்சலிக் கட்டுரைகள் அதைத் தொடுவதில்லை. மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண். பேறு பார்த்த கூலியாக நெல்லும் துணியும் அவளுக்கு வரும். பயிற்சி பெற்ற சேவிகை ஊருக்குள் வரும்போது அவள் பிழைப்பில் கைவைக்கப்படுகிறது. உயிர்கள் காப்பாற்றப்பட்டன, கூடவே ஒரு பரம்பரைத் தொழில் தீட்டென்றும் அறியாமை என்றும் ஓரங்கட்டப்பட்டது. நவீன சுகாதாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 1959இல் மத்திய அரசும் சென்னை அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும் கைகோத்துக் காந்திகிராமத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஆத்தூர் வட்டாரம் முழுவதும் அதன் களம். சுகாதாரத்தில் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளுக்குள் குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் மையமாக்கிக்கொண்டது. துண்டறிக்கை போட்டுவிட்டு ஒதுங்காமல் ஊரில் செல்வாக்குள்ளவர்களைக் கண்டறிந்து அவர்கள் வழியே பேசுவது, சிறு சிறு குழுக்களாகக் கூட்டிவைத்து விளக்குவது, ஒவ்வொரு செவிலியருக்கும் எல்லை வகுத்துக் கொடுப்பது, பிறப்பு இறப்புகளைத் துல்லியமாகப் பதிவது என்று அங்கே உருவான முறைகள் பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டன. பத்தாண்டுக்குள் அந்த வட்டாரத்தில் பிறப்பு விகிதம் தெளிவாக இறங்கியது. அந்த இறக்கம் முழுவதும் திட்டத்தின் சாதனையா என்பது வேறு கேள்வி. அதே ஆண்டுகளில்தான் பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது, ஊருக்கு ஊர் பேருந்து ஓடியது, கிணறுகளுக்கு மின்சாரம் கிடைத்தது. தமிழ்நாடு முழுவதுமே குழந்தைப் பேறு குறையத் தொடங்கிய காலம் அது.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டியது வேறொன்று. செயற்கைக் கருத்தடையைக் காந்தி ஏற்றவரில்லை. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து வாதாடியும் தன் நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. புலனடக்கம் ஒன்றே வழி என்றார். அந்தக் காந்தியின் பெயரைத் தாங்கிய வளாகம், ஏறத்தாழக் கால் நூற்றாண்டில், தென்னிந்தியாவின் பெயர்பெற்ற குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வுக்களமாயிற்று. இதைக் கொள்கை நழுவல் என்று எளிதில் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழாவது பிரசவத்துக்கு இரத்தசோகையோடு வரும் பெண்ணைப் பார்த்த மருத்துவர் எடுத்த முடிவு இது. சௌந்தரத்தை ‘காந்தியின் மகள்’ என்றே அழைத்துப் பழகியவர்கள் அவருக்கென்று ஒரு சொந்தப் புத்தி இருந்ததை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்.

மத்திய அரசு, மாநில அரசு, வெளிநாட்டு நிதி ஆகிய மூன்றையும் ஒரு கிராம வளாகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது சாதாரண ஆசிரமத்தால் ஆகிற காரியமில்லை. ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், கோட்டையிலும் தில்லியிலும் கோப்புகள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று தெரிந்த ஒருவர் நிறுவனத்தின் தலைமையில் இருந்தது பெரிய வலிமை. பதவி இங்கே வாசலாகப் பயன்பட்டது என்று நான் சொல்வது இதையே.

வாசலுக்கு விலையும் உண்டு. இதே மதுரைச் சமவெளியின் தெற்கே தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம். அரசின் திட்டமிடலையும் பெருந்தொழிலையும் கடுமையாக விமர்சித்த அவர், பதவிகளிலிருந்து விலகியே வாழ்ந்தார். கல்லுப்பட்டி சிறியதாகவே இருந்தது, காந்திகிராமம் வளர்ந்தது. 1976இல் அதன் ஊரக நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அரசுப் பணத்தில் வளர்ந்தது அரசின் விதிகளுக்குள்தானே வாழ வேண்டும்? அந்த வளாகத்தின் பிற்கால வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

தில்லி ஆண்டுகள்

துணை அமைச்சராக (1962-67) சௌந்தரத்தின் சாதனைகளாக இரண்டு அடிக்கடி சொல்லப்படுகின்றன: நாடெங்கும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார், நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டையும் அப்படியே ஏற்பதற்கில்லை. கல்வி அன்று பெரும்பாலும் மாநிலப் பட்டியலில் இருந்தது. பொதுப் பட்டியலுக்கு மாறியது 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 1950இலிருந்தே வழிகாட்டு நெறியாக அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரு மத்தியத் துணை அமைச்சர் அதை நாடெங்கும் ‘கொண்டுவர’ சட்டப்படி வழியே இல்லை. நாட்டு நலப்பணித் திட்டமோ 1969 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே அவர் பதவியை விட்டிருந்தார். மாணவர் தேசியப் பணி பற்றிய பேச்சும் குழுக்களும் அவர் காலத்தில் கல்வி அமைச்சகத்தில் நடந்துகொண்டிருந்தன; மாணவர்களை ஊர்ப்பணிக்கு அனுப்பிய காந்திகிராம அனுபவத்தோடு அவர் அங்கே இருந்தார். அதன் விளைநிலத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் போதும். செய்யாததைச் செய்ததாகச் சொல்லி ஒருவரைப் பெருமைப்படுத்துவது, செய்ததை மறைப்பதில்தான் போய் முடிகிறது.

தில்லிப் பதவியின் அரசியல் விலை 1965இல் தெரிந்தது. இந்தியே ஆட்சிமொழி என்ற ஏற்பாடு அந்த ஆண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வர இருந்த நிலையில், முந்தைய நாள் மதுரைத் தெருக்களில் மாணவர் ஊர்வலம் மோதலாக மாறியது. தீ மாநிலமெங்கும் பரவியது. சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்தியப் பதவிகளிலிருந்து விலகுவதாக அறிவித்துப் பின்னர் திரும்பப் பெற்றனர். இந்தி வளர்ச்சிக்கான மைய இயக்ககம் இருந்ததோ கல்வி அமைச்சகத்தின் கீழ். அந்த அமைச்சகத்தின் துணை அமைச்சர், போராட்டம் வெடித்த மாவட்டத்தின் மக்களவை உறுப்பினர். இதைவிடச் சிக்கலான இருக்கை அன்று தமிழ்நாட்டுக் காங்கிரசில் வேறு எவருக்கும் இருந்திருக்குமா என்பது ஐயமே. 1967 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் தி.மு.க.வின் ந. அன்புச்செழியனிடம் அவர் தோற்றார். மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்கு மூன்றுதான் மிஞ்சிய தேர்தல் அது. தனிப்பட்ட தோல்வி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் காமராஜரையே விருதுநகரில் வீழ்த்திய அலைக்குப் பின் மீண்டும் களத்தில் இறங்கியவர்கள் இருந்தார்கள். சௌந்தரம் வளாகத்துக்குத் திரும்பினார்.

அதே மண்ணில் வேறு இருவர்

ஒப்பிட இரு பெண்கள் அருகிலேயே இருக்கிறார்கள். மதுரையில் 1917இல் பிறந்த கே. பி. ஜானகி அம்மாள் நாடக மேடையில் பாடி நடித்து அரசியலுக்கு வந்தவர். யுத்த எதிர்ப்புப் பிரசாரத்துக்காகச் சிறை சென்றார். நகைகளையும் சொத்தையும் இயக்கத்துக்குக் கொடுத்தார். சௌந்தரம் தோற்ற அதே 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளராக வென்றார். அவர் விட்டுச் சென்றது கட்டடம் எதுவுமில்லை. ஆனால் பாப்பா உமாநாத் முதலியோரோடு சேர்ந்து அவர் வளர்த்த ஜனநாயக மாதர் சங்கம், அடுத்த தலைமுறைப் பெண்களைக் கூட்டத்துக்கும் மறியலுக்கும் தேர்தலுக்கும் பழக்கியது.

நிலக்கோட்டைத் தனித் தொகுதியோடு சேர்த்தே பேசப்படும் ஏ. எஸ். பொன்னம்மாள் மூன்றாவது வகை. காங்கிரசிலேயே இருந்து, இடையில் சுயேச்சையாகவும் நின்று, கடைசியாக 1996இல் தமிழ் மாநிலக் காங்கிரஸ் சார்பிலும் வென்றவர். கட்சிகள் உடைந்தபோதும் தொகுதி அவரைக் கைவிடவில்லை, ஏனென்றால் அவர் தொகுதியைக் கைவிடவில்லை. காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போய்வருவது, ரேஷன் கடைக்கும் பட்டாவுக்கும் அலைவது என்ற அன்றாடத்தில்தான் இந்த வகை அரசியல் கட்டப்படுகிறது. சௌந்தரம் அதைச் செய்யவில்லை. செய்ய விரும்பியதாகவும் தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். காந்தியப் பணியாளருக்குத் தேர்தல் அரசியல் வெறும் கருவிதான்; காங்கிரசையே கலைத்துவிட்டு மக்கள் தொண்டர் சங்கமாக்கச் சொன்னவர் காந்தி; அப்படியிருக்க அரசியல் வாரிசு இல்லை என்பதைக் குறையாகச் சொல்லலாமா? நியாயமான மறுப்பு. அவர் வளர்த்துவிட்ட பெண்களைப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. பட்டிவீரன்பட்டிப் பக்கத்துத் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்தரத்தின் ஆதரவில் மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்தார். பிறகு தம் கணவர் ஜெகந்நாதனோடு பூதானத்திலும் கீழத்தஞ்சை நிலப் போராட்டங்களிலும் வாழ்நாளைச் செலவிட்டார். ஆனால் இந்த எடுத்துக்காட்டே மறுப்பின் எல்லையையும் காட்டுகிறது. கிருஷ்ணம்மாள் கையிலெடுத்தது நிலம். காந்திகிராமம் உடல்நலத்தையும் கல்வியையும் கைத்தொழிலையும் தொட்டது. யார் கையில் நிலம், என்ன கூலி என்ற கேள்விகளை அது முன்னுக்குக் கொண்டுவரவில்லை. அரசையும் நன்கொடையாளரையும் ஒருங்கே அரவணைத்துப் போகும் நிறுவனத்தால் அவற்றைக் கேட்பது கடினம். அவற்றைக் கேட்கத் தெருவில் இறங்கும் அமைப்பு வேண்டும், அல்லது தொகுதியில் வேரூன்றிய கட்சிக்காரர் வேண்டும்.

சௌந்தரத்தின் நிர்வாகச் சாதனை, அவர் வகித்த எந்தப் பதவியையும்விடப் பெரியது என்பது என் முடிவு. அவரது பதவி வாழ்வோ இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஒரு பாதையை அமைத்துத் தரவில்லை. அந்தப் பழி அவரை மட்டும் சேராது, அவரது மதிப்பை நான்கு தேர்தல்களில் செலவழித்துக்கொண்டு அவருக்குப் பின் ஒரு பெண்ணைத் தேடாத கட்சியையும், அதன் இடத்துக்கு வந்த கட்சிகளையும் சேரும். 1967 முதல் 2024 வரை நடந்த எந்த மக்களவைத் தேர்தலிலும் திண்டுக்கல் தொகுதியிலிருந்து ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மதுரை மக்களவைத் தொகுதியிலிருந்து 1952 முதல் இன்றுவரை ஒரு பெண்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்டதே இல்லை.